மார்க்கண்டு சுருட்டை விட்ட விதம்

நீர்வேலி மார்க்கண்டு இந்தக் கதை தொடங்கும்வரை தன் வாழ்நாளில் ஒரு சுருட்டைக்கூடப் பற்றியதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் இந்தக் கதை முடிவதற்குள் அவர் சுருட்டை விட்டுவிடுவார்.

சுருட்டுப் பற்றுகிறவர் அவருடைய மனைவி ஞானாம்பிகை. காலையில் தேத்தண்ணி குடித்தபின் ஒன்று, சமையல் முடிந்தபின் ஒன்று, பொழுதுபடும்போது ஒன்று. வாழைத் தோட்டத்தின் மூலையில், கிணற்றுக்குப் பின்னால் நின்று பற்றுவார். கலியாணமான காலத்திலிருந்து இது நடக்கிறது. மார்க்கண்டுவுக்குத் தெரியும். கனடாவில் இருக்கும் பிள்ளைகளுக்குத் தெரியும். அயலுக்கும் தெரியும். ஆனால் ஒருவரும் அதைப் பற்றிக் கதைப்பதில்லை. கதைக்காத விசயம் நடக்காத விசயம் என்பது ஊரின் ஏற்பாடு.

அந்த ஏற்பாட்டில் மார்க்கண்டுவுக்கும் ஒரு பங்கு இருந்தது. கிழமைக்கு ஒருமுறை சந்திக் கடையில் ஒரு கட்டுச் சுருட்டு வாங்குவார். "தோட்டத்திலை வேலை செய்யிற ஆக்களுக்கு" என்பார். அவருடைய தோட்டத்தில் அவரைத் தவிர வேலையாட்கள் கிடையாது. கடைக்காரர் அதைக் கேட்பதில்லை. கட்டைக் கொண்டுவந்து அரிசிப் பெட்டிக்குப் பின்னால் வைப்பார். கட்டு மெல்ல மெல்ல மெலியும். முடிந்ததும் தோட்டத்து ஆட்களுக்கு மறுபடி சுருட்டுத் தேவைப்படும்.

பங்குனி மாதம் ஞானாம்பிகையின் பெருங்குடலில் ஒரு கட்டி இருப்பது தெரியவந்தது.

சத்திரசிகிச்சை நிபுணர் நிவேதனா இளம் பெண். அதிகம் கதைக்கமாட்டார். அன்று மட்டும் கொஞ்சம் கதைத்தார்.

"கட்டி இருக்கிற துண்டை வெட்டி எடுத்துப்போட்டு, ரெண்டு முனையையும் சேர்த்துத் தைப்பம் அம்மா. தைச்ச இடம் ஒட்டவேணும் எண்டால் அங்கை இரத்தம் ஓடவேணும். புகை உள்ளுக்குப் போனால் இரத்தக் குழாய் சுருங்கிப்போடும். பிறகு தைச்ச இடம் கசியும். கசிஞ்சால் வயிறு முழுக்க நஞ்சு. திரும்பத் திறக்கவேணும். திறந்தாலும் சொல்லேலாது."

ஞானாம்பிகை தலையாட்டினார்.

"நாலு கிழமைக்கு ஒரு புகையும் கூடாது. வீட்டிலை ஆர் பத்திறது?"

கேள்வியை நிவேதனா ஞானாம்பிகையின் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டார். பக்கத்தில் தாதி உதயகலா நின்றாள். அவளும் நீர்வேலி. இவர்களுக்கு அடுத்த ஒழுங்கையில் வீடு. ஞானாம்பிகை நிலத்தைப் பார்த்தார். உதயகலா மின்விசிறியைப் பார்த்தாள்.

"நான்தான் டொக்டர்" என்றார் மார்க்கண்டு.

அது ஒரு மரியாதைக்காகச் சொன்னது. சபையில் யாருக்காவது ஏப்பம், ஏவறை என்று ஏதும் வந்தால் பக்கத்தில் இருப்பவர் செருமுவதைப் போல. வேறொரு இடத்தில் அது அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் இந்த ஆஸ்பத்திரியில் புகைவிலக்கு மேம்பாட்டு நிலையம் என்று ஒன்று இருந்தது.

"அப்ப கீழை நிலையத்துக்குப் போங்கோ" என்றார் நிவேதனா. "அவை ஓம் எண்டு சொன்னால்தான் எனக்கு ஒப்பிறேசன் திகதி போடலாம். இங்கத்தை ஒழுங்கு அது."

ஒழுங்கு என்ற சொல்லைச் சொல்லும்போது அவருக்குப் பல்லு நொந்ததுபோல இருந்தது.

*

ஆஸ்பத்திரியில் குளிரூட்டி பொருத்திய அறைகள் இரண்டு. ஒன்று சத்திரசிகிச்சைக் கூடம். மற்றது புகைவிலக்கு மேம்பாட்டு நிலையம். இரண்டில் எது கூடக் குளிர் என்று கேட்டால் நிலையம்தான்.

நிலையத்தின் இணைப்பாளர் தில்லைநாதன், எழுதி வாசிக்கிற தமிழில்தான் கதைப்பார். வீட்டிலும் அப்படித்தான் என்று கேள்வி. இதற்கு முன்னர் அவர் நுளம்பு ஒழிப்புப் பிரிவில் இருந்தவர். அந்தப் பிரிவின் கணக்கின்படி வலிகாமப் பகுதியில் இப்போது கடிக்க ஒரு நுளம்பும் இல்லை.

"பெண்மணி வெளியே அமரலாம்" என்றார். "இங்கே ஆண்களுக்கு மட்டும்தான் ஏற்பாடு."

"பொம்பிளையள் ஆரும் பத்தினால், ஐயா?" என்று மார்க்கண்டு கேட்டார்.

தில்லைநாதன் சிரித்தார். இந்தக் கேள்விக்காகக் காத்திருந்தவர் போலச் சிரித்தார்.

"குடாநாட்டில் புகைக்கும் பெண்களின் தொகை பூச்சியம். இது எமது நிலையத்தின் கண்டுபிடிப்பு. ஆயிரம் பெண்களிடம் நேரில் கேட்டோம். பண்பாடு கெடக்கூடாது என்பதற்காகக் கணவனையும் மாமியாரையும் பக்கத்தில் இருத்திக் கேட்டோம். ஒருவர்கூட ஆம் என்று சொல்லவில்லை. இவ்வளவு துல்லியமான ஆய்வு ஆசியாவிலேயே நடந்திருக்காது."

பிறகு அவர் ஒழுங்கை விளக்கினார். நோயாளி பெண்ணாக இருந்தால், அவரைச் சுற்றியுள்ள புகையின் மூலத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். மூலம் பெரும்பாலும் கணவன். மூலத்தை நாலு கிழமை வகுப்பில் இருத்தி அடைக்க வேண்டும். மூலம் அடைபட்டால் நோயாளிக்குச் சத்திரசிகிச்சை.

"நீங்கள்தான் மூலம்" என்றார் தில்லைநாதன்.

மார்க்கண்டுவுக்கு அது பெரிய காரியமாகத் தெரியவில்லை. நாலு வகுப்பு. போய் இருந்துவிட்டு வரலாம். மனுசியின் மானமும் தப்பியது, திகதியும் கிடைக்கும்.

அன்று பொழுதுபட அவர் வாழைக்கு வாய்க்கால் வெட்டித் தண்ணீர் மாறிக்கொண்டிருந்தபோது, கிணற்றுக்குப் பின்னாலிருந்து புகை எழும்பியது. வழக்கத்தைவிடத் தடிப்பான புகை. பயந்தவர் இழுக்கிற இழுப்பு. மண்வெட்டியைப் பிடித்தபடி மார்க்கண்டு அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் விசயம் விளங்கியது. ஆஸ்பத்திரி முழுவதும் சேர்ந்து நிறுத்தப்போவது தன்னை. தைக்கப்போவது அவளுடைய குடலை.

*

அடுத்த நாள் காலமை சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே தில்லைநாதனிடம் போனார்.

"ஐயா, நேற்று நான் சொன்னது பொய். நான் பத்திறேல்லை. பத்திறது என்ரை மனுசி. அவவைத்தான் வகுப்பிலை சேர்க்கவேணும்."

தில்லைநாதன் கண்ணாடியைக் கழற்றினார். ஒரு நல்ல மாணவனைக் கண்ட ஆசிரியரின் முகம்.

"மறுப்பு நிலை" என்றார். "எங்கள் பாடத்திட்டத்தில் இருக்கிறது. முதற்படி, 'நான் புகைப்பதில்லை.' இரண்டாம் படி, 'என் மனைவிதான் புகைக்கிறாள்.' நீங்கள் ஒரே மூச்சில் இரண்டு படியும் ஏறிவிட்டீர்கள். மூன்றாம் படியில் சிலர் வீட்டு நாயைச் சொல்வார்கள்."

"சத்தியமாச் சொல்லுறன் ஐயா."

"சந்திக் கடையில் விசாரித்தோம். கிழமைக்கு ஒரு கட்டு. உங்கள் கையால் வாங்குகிறீர்கள். தோட்டத்து ஆட்களுக்கு என்று சொல்வீர்களாம். எத்தனை ஆட்கள்?"

மார்க்கண்டு எண்ணுவதற்கு விரலை நீட்டி, பிறகு மடக்கிக்கொண்டார்.

"மறுப்பிலிருந்து வெளியே வராதவரை வகுப்பு தொடங்காது. வகுப்பு தொடங்காதவரை நாலு கிழமையும் தொடங்காது. உங்கள் மனைவியின் கட்டி எங்களுக்காகக் காத்திருக்குமா என்பதை நீங்களே யோசியுங்கள். நாங்கள் ஒருவரையும் வற்புறுத்துவதில்லை."

மார்க்கண்டு யோசித்தார்.

"நான்தான் ஐயா பத்திறனான்" என்றார்.

"எவ்வளவு காலமாக?"

"பிறந்ததிலை இருந்து."

"அப்படி வாருங்கள் வழிக்கு."

*

வகுப்பில் பத்துப் பன்னிரண்டு பேர். மார்க்கண்டுவுக்குப் பக்கத்தில் குருநகர்ச் சந்தியோகு. கடல்தொழில். குடலிறக்கத்துக்குச் சத்திரசிகிச்சை செய்யக் காத்திருந்தார். வலை இழுத்து வந்த குடலிறக்கம் என்றும், பீடி இருமி வந்த குடலிறக்கம் என்றும் இரண்டு கட்சி இருந்ததாகவும், டொக்டர் பீடிக் கட்சி என்றும் சொன்னார்.

முதலில் ஊதும் இயந்திரம் வந்தது. மூச்சில் எவ்வளவு புகை நஞ்சு என்று அது காட்டும். சந்தியோகு ஊதியதும் இயந்திரம் சிவந்து கத்தியது. மார்க்கண்டு ஊதினார். இயந்திரம் ஒன்று என்று காட்டியது.

தில்லைநாதன் அதைத் தட்டிப் பார்த்தார். குலுக்கிப் பார்த்தார். திரும்ப ஊதச் சொன்னார். ஒன்று.

"பழுது" என்று முடிவு செய்தார். "பரவாயில்லை. பிறந்ததிலிருந்து புகைப்பவருக்குச் சராசரி இருபது. அதையே வைத்துக்கொள்வோம்."

அதன் பிறகு எல்லோரும் எழுந்து நின்று, விரலிடுக்கில் இல்லாத சிகரெட்டைப் பிடித்து, ஒன்று இரண்டு மூன்று என்றதும் அதை முறிக்க வேண்டும். மார்க்கண்டு பிடித்தார்.

"என்ன அண்ணை, உப்பிடியே சிகரெட் பிடிக்கிறது?" என்று சந்தியோகு காதுக்குள் கேட்டார். "தூண்டில் முள்ளுப் பிடிக்கிற மாதிரி எல்லோ பிடிக்கிறியள்."

"நான் பத்திறேல்லைத் தம்பி."

"இஞ்சை எல்லாரும் முதல் அப்பிடித்தான் சொல்லுறது. உதை விரலுக்கு நடுவிலை வையுங்கோ. மாதாவே, சின்ன விரலிலை இல்லை!"

வீட்டு வேலையாக ஒரு கேள்வி தந்தார்கள். எந்தெந்த நேரம் மனம் புகையைத் தேடுகிறது, தேடும்போது எப்படி இருக்கிறது. அடுத்த வகுப்பில் எழும்பி நின்று சொல்ல வேண்டும். சொல்லாதவர் தேறமாட்டார்.

அன்று இரவுச் சாப்பாட்டில் மார்க்கண்டு இடியப்பத்தைப் பிசைந்தபடி இருந்தார். ஆயுள் முழுக்கக் கதைக்காத ஒன்றை எந்தப் பக்கத்தால் தொடங்குவது என்று தெரியவில்லை. கடைசியில் சொன்னார்.

"எனக்கு உந்தச் சுருட்டை விடட்டாம்."

ஞானாம்பிகையின் கையில் சொதிக் கரண்டி நின்றது.

"எந்தச் சுருட்டை?"

"நான் பத்திற சுருட்டை."

கரண்டியிலிருந்து சொதி சொட்டியது.

"ஆ" என்றார் ஞானாம்பிகை. "அதையோ."

"விடாட்டில் தைச்ச இடம் கசியுமாம். திரும்பத் திறக்கவேண்டி வருமாம். எனக்குப் பயமாக் கிடக்கு."

"பயமெண்டால் விடுங்கோவன்."

"விடலாம். ஆனா எப்ப மனம் தேடும் எண்டு வகுப்பிலை கேக்கினம். எனக்கென்ன தெரியும்?"

ஞானாம்பிகை சொதியை ஊற்றினார். கரண்டியைச் சட்டிக்குள் வைத்தார். அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"தேத்தண்ணி குடிச்ச உடனை. வாய் வெறுமையாக் கிடக்கும். மத்தியானம் அவ்வளவு இல்லை. பொழுதுபடேக்கைதான் ஏலாது. எல்லாரும் உங்களை விட்டிட்டுப் போன மாதிரி இருக்கும். அது ஒண்டுதான் பக்கத்திலை நிக்கிற மாதிரி." பிறகு அவசரமாகச் சொன்னார்: "எண்டு நினைக்கிறன். உங்களுக்கு அப்பிடி இருக்கும்."

"ஓம்" என்றார் மார்க்கண்டு. "எனக்கு அப்பிடித்தான் இருக்கும்."

சாப்பிட்டு முடிந்து கை கழுவும்போது மெதுவாகச் சொன்னார்: "அந்த நேரம் வாயிலை ஒரு கராம்பு போட்டுக்கொண்டு நடக்கட்டாம். தனிய நடக்கிறது கஷ்டமாம்."

"நான் வாறன் துணைக்கு" என்றார் ஞானாம்பிகை. "பாவம், நீங்கள் தனிய என்ன செய்வியள்."

*

அப்படித்தான் தொடங்கியது. பொழுதுபடும் நேரம் இரண்டு பேரும் கராம்பைக் கடித்துக்கொண்டு வாழை வரிசைகளுக்குள்ளால் நடந்தார்கள். அரிசிப் பெட்டிக்குப் பின்னால் இருந்த கட்டை மார்க்கண்டு ஒவ்வொரு நாளும் இரகசியமாக எட்டிப் பார்த்தார். மெலியவில்லை.

சுருட்டை விடுகிறவர்களுக்குக் கோபம் வரும், தலையிடிக்கும், சாமான் உடையும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். மார்க்கண்டுவுக்கு ஒன்றும் வரவில்லை. ஞானாம்பிகைக்கு எல்லாம் வந்தது. இரண்டு மண்சட்டி போயிற்று. பக்கத்து வீட்டுப் பூனை தோட்டத்துப் பக்கம் வருவதை நிறுத்தியது. "மார்க்கண்டர் சுருட்டை விட்டதிலை மனுசிக்கு நிம்மதியில்லை" என்று அயல் கதைத்தது. கதைக்கக்கூடிய விசயம் ஒன்று கிடைத்ததில் அயலுக்குச் சந்தோசம்.

இரண்டாம் வகுப்பில் இயந்திரம் ஒன்று என்று காட்டியது.

"இருபதிலிருந்து ஒன்று!" தில்லைநாதன் எழும்பி நின்றார். "ஒரே கிழமையில்!"

எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு மார்க்கண்டு வீட்டு வேலையை ஒப்புவித்தார். வாய் வெறுமையாக இருப்பதைச் சொன்னார். பொழுதுபடும்போது எல்லோரும் விட்டுவிட்டுப் போனது போலவும், அது மட்டும் பக்கத்தில் நிற்பது போலவும் இருக்கும் என்றார். சந்தியோகு மூக்கை உறிஞ்சினார்.

"அண்ணை," என்றார், "கடலுக்குள்ளை நாப்பது வருசமா எனக்கு இருக்கிறது உதுதான். சொல்லத் தெரியேல்லை. நீங்கள் எப்பிடிச் சொன்னியள்?"

"வீட்டிலை யோசிச்சுப் பாத்தன்" என்றார் மார்க்கண்டு.

மூன்றாம் வகுப்பில் சிக்கல் வந்தது.

"திரு மார்க்கண்டு இன்னும் விழவில்லை" என்றார் தில்லைநாதன் கவலையோடு. "மூன்றாம் கிழமை மீள்விழுதல். அதாவது, ஆசையை அடக்கமுடியாமல் ஒருதரம் புகைத்துவிட்டு, மனம் வருந்தி வருதல். திட்டத்தில் இருக்கிறது. எல்லோரும் விழுந்துவிட்டார்கள். சந்தியோகு நாலுதரம் விழுந்திருக்கிறார்."

"அஞ்சு" என்றார் சந்தியோகு.

"நான் விழேல்லைத்தானே ஐயா. நல்லதெல்லோ?"

"விழாதவரை எழுந்தவர் என்று நாம் எப்படிக் கணிப்பது? மேலிடத்தில் கேட்பார்கள். நாளை பிற்பகலுக்குள் விழுந்துவிட்டு வாருங்கள். இல்லாவிட்டால் உங்களை நிறைவு செய்தவராகக் காட்ட முடியாது. மனைவியின் திகதியும் நிற்கும்."

அடுத்த நாள் காலமை மார்க்கண்டு அரிசிப் பெட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு சுருட்டை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் பின்னால் போனார். வேறு எங்கே போய்ப் பற்றுவது என்று அவருக்குத் தெரியாது. மூன்று நெருப்புக்குச்சி வீணாகியது. நாலாவதில் பற்றியது. ஒரு இழுப்பு இழுத்தார். நெஞ்சுக்குள் யாரோ மிளகாய்த் தூள் கொட்டியது போல இருந்தது. கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு இருமினார். கண்ணால் தண்ணீர் ஓடியது.

நிமிர்ந்தபோது ஞானாம்பிகை முன்னால் நின்றார்.

"என்ன செய்யிறியள்?"

"விழுறன்" என்றார் மார்க்கண்டு.

அவர் விசயத்தைச் சொல்லச் சொல்ல ஞானாம்பிகைக்குச் சிரிப்பு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, நோவோடு சிரித்தார்.

"உப்பிடியே பிடிக்கிறது? விளக்குமாறு பிடிக்கிற மாதிரி. கொண்டாங்கோ இஞ்சை."

கையிலிருந்து வாங்கிவிட்டார். வாங்கியதும் அந்த விரல்கள் தாமாகவே அதை வைக்கவேண்டிய இடத்தில் வைத்தன. சிரிப்பு நின்றது. சுருட்டின் நுனி சாம்பலுக்குள் சிவந்து கிடந்தது. புகை நேரே அவருடைய முகத்துக்குப் போயிற்று. ஞானாம்பிகை கண்ணை மூடி அதை முகர்ந்தார். கை மெல்ல வாய்ப் பக்கம் உயர்ந்தது.

மார்க்கண்டுவுக்கு வாய் திறக்க வேண்டும் போல இருந்தது. "வேண்டாம்" என்று ஒரு சொல். ஆனால் அதைச் சொன்னால் அவளுக்குச் சொன்னதாகிவிடும். இத்தனை வருட ஏற்பாடு.

"ஞானம்" என்றார். "நான் விட்டு இது மூண்டாம் கிழமை. கஷ்டப்பட்டு விட்டனான்."

கை நின்றது.

"எனக்காக" என்றார் மார்க்கண்டு.

ஞானாம்பிகை கண்ணைத் திறந்தார். அவரைப் பார்த்தார். சுருட்டைப் பார்த்தார். பிறகு குனிந்து வாய்க்கால் தண்ணீருக்குள் அதை வைத்தார். உஸ் என்றது.

"உந்த மணமே போதும். போங்கோ," என்றார். "போட்டிருக்கிற சேட்டை மாத்தாமல் போங்கோ."

நிலையத்தில் தில்லைநாதன் அவரை இரண்டு தரம் மோந்து பார்த்தார். மகிழ்ச்சியில் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"இப்போதுதான் எனக்கு உங்கள் மீது நம்பிக்கை வந்திருக்கிறது."

*

நாலாம் வகுப்போடு மூலம் அடைபட்டது. திகதி வந்தது. சத்திரசிகிச்சைக்கு முதல் நாள் நிவேதனா கட்டிலருகே வந்து கோப்பின் பக்கங்களைப் புரட்டினார்.

"நீங்கள் ஒருநாளும் புகைக்காதவர் எண்டு இதிலை கிடக்கு. உங்கடை அவர் விட்டிட்டார் எண்டும் கிடக்கு." கோப்பை மூடிக் கட்டிலின் மேல் போட்டார். "எனக்கு ஒண்டு மட்டும் தெரியவேணும் அம்மா. கடைசியா எப்ப?"

ஞானாம்பிகை மார்க்கண்டுவைப் பார்த்தார்.

"வகுப்புத் தொடங்கின அண்டு காலமை, டொக்டர். அதுக்குப் பிறகு அவர் வாயிலை வைக்கேல்லை. ஒருநாள் கையிலை எடுத்தவர். வைக்கேல்லை."

"அவர்?"

"ஓம். அவர்."

நிவேதனா கோப்பைத் திரும்ப எடுத்துக் கக்கத்தில் வைத்தார்.

"அவர் கெட்டிக்காரன் எண்டு நான் சொன்னதாச் சொல்லுங்கோ" என்றுவிட்டுப் போனார்.

கட்டி முழுவதும் எடுபட்டது. தைத்தது நன்றாக வந்தது என்று நிவேதனா சொன்னார். இனி ஒரே ஒரு விசயம்தான் மிச்சம். குடல் வேலை செய்யத் தொடங்கிவிட்டதா என்று பார்க்க வேண்டும். அதற்கு அடையாளம், வயிற்றுக்குள் இருக்கும் காத்துக் கீழால் பறிவது. ஒவ்வொரு நாள் காலமையும் பெரிய டொக்டர், சின்ன டொக்டர் என்று ஒரு கூட்டமே கட்டிலைச் சுற்றி நின்று கேட்டது.

"காத்துப் போச்சோ அம்மா?"

போகவில்லை. வயிறு மெல்ல உப்பியது. எழும்பி நடந்தால் போகும் என்றார்கள். ஞானாம்பிகை எழும்பவில்லை. நோ ஒரு காரணம். மற்றக் காரணத்தை மார்க்கண்டுவிடம் மட்டும் சொன்னார்.

"சுத்திவர இவ்வளவு சனம். எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு கிடக்குதுகள். எப்பிடிப் போகும்? வாறதையும் பிடிச்சு வைச்சிருக்கிறன்."

எல்லாவற்றையும் கிணற்றுக்குப் பின்னால் செய்து பழகியவர். ஆஸ்பத்திரி விடுதியில் கிணறு இல்லை.

"மாமி, இஞ்சை எல்லாருக்கும் போறதுதானே" என்று உதயகலா கெஞ்சினாள்.

"எனக்குப் போகாது பிள்ளை."

அடுத்த நாள் நிவேதனா வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு மார்க்கண்டுவை வெளியே கூப்பிட்டார்.

"நாளைக்குள்ளை போகாட்டில் ஸ்கான் எடுத்துப் பாக்கவேணும். கசிவு எண்டால் திரும்பத் திறக்கவேணும். நடக்கப் பண்ணுங்கோ அப்பா. எப்பிடியெண்டாலும்."

அந்த நாளைதான் நிலையம் விழா எடுக்கும் புகையற்ற தினம்.

*

காலமை மார்க்கண்டு விடுதி வாசலில் நின்றபோது நிலையத்து ஆட்கள் இரண்டு பேர் வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். "விழா நாயகனே இல்லாமல் எப்படி?" என்றார்கள். கட்டிலில் கிடந்தவளைத் திரும்பிப் பார்க்கக்கூட விடவில்லை.

விழா முற்றத்தில், சத்திரசிகிச்சை விடுதிக்கு நேர் கீழே. நாதஸ்வரம், நிறைகுடம், மங்கல விளக்கு, மௌனம், ஆசியுரை, வரவேற்பு நடனம், வரவேற்புரை, தலைமையுரை. கொழும்பிலிருந்து ஒரு உயர் அதிகாரி வந்திருந்தார். முற்றத்தின் நடுவில் ஒரு சிகரெட் நின்றது. மூங்கிலும் மட்டையும் தேங்காய்த் தும்பும் கொண்டு செய்த, தென்னைமரத்தின் பாதி உயரமான சிகரெட். அதைக் கொளுத்துவதுதான் விழாவின் உச்சம்.

தில்லைநாதன் பேசினார். நாலு ஒலிபெருக்கிகள் அவரோடு சேர்ந்து பேசின. நுளம்பு இல்லாத வலிகாமத்தில் இனிப் புகையும் இல்லை என்றார். பெண்களைப் பூச்சியத்தில் வைத்திருக்கிறோம், ஆண்களையும் அந்த இடத்துக்குக் கொண்டுவருவோம் என்றார். பிறகு மார்க்கண்டுவின் கழுத்தில் ஒரு பொன்னாடையைப் போட்டு ஒலிவாங்கிக்கு முன்னால் தள்ளினார்.

"நீங்கள் எப்படி விட்டீர்கள் என்று சொல்லுங்கள்."

மார்க்கண்டுவுக்கு மேலே இருந்த யன்னல்தான் தெரிந்தது. நாளைக்குள்ளை என்று நிவேதனா சொன்ன நாளை, இப்போது ஓடிக்கொண்டிருந்தது. அவருக்குக் களைத்துவிட்டது.

"நான் ஒருநாளும் சுருட்டுப் பத்திற ஆள் இல்லை" என்றார்.

உயர் அதிகாரி தில்லைநாதனைத் திரும்பிப் பார்த்தார்.

"அதின்ரை ருசி எனக்குத் தெரியாது. இழுக்கத் தெரியாது. பிடிக்கவும் தெரியாது. உண்மையாச் சொல்லுறன்."

தில்லைநாதனின் கண் கலங்கியது. அவர் ஒலிவாங்கியைப் பிடுங்கினார்.

"கேட்டீர்களா! ருசியை மறந்துவிட்டார்! பிடிக்கும் முறையை மறந்துவிட்டார்! புகைத்த மனிதரே அவருக்குள் இல்லை! இதைவிட வேறென்ன சான்று வேண்டும்!"

முற்றம் எழும்பி நின்று கைதட்டியது. முன்வரிசையில் சந்தியோகு விசிலடித்தார். அந்தச் சத்தத்துக்குள் உயர் அதிகாரி சிகரெட்டைக் கொளுத்தினார்.

தும்பு நன்றாகக் காய்ந்திருந்தது. மண்ணெண்ணெயும் தாராளம். கறுத்தப் புகை எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றி, நேரே மேல்மாடி யன்னல்களுக்குள் போயிற்று. உதயகலா யன்னலால் தலையை நீட்டிக் கையைக் காட்டிக் கத்தினாள். "புகையற்ற பொற்காலம்!" என்று நாலு ஒலிபெருக்கிகளும் கத்தின. கீழே இருந்தவர்கள் அவளுக்குக் கையசைத்தார்கள்.

மார்க்கண்டு மேடையிலிருந்து குதித்து ஓடினார்.

படியேறிப் போகும்போது விடுதி காலியாக இருந்தது. தாதிமார் எல்லா நோயாளிகளையும் எழுப்பிப் பின்பக்க விறாந்தைக்கு நடத்திக் கொண்டுபோயிருந்தார்கள். விறாந்தையின் கடைசி மூலையில், சேலைன் கம்பியை ஊன்றிப் பிடித்தபடி, ஞானாம்பிகை நின்றுகொண்டிருந்தார். தன் காலில்.

"ஞானம்! புகை பட்டதோ? என்ன செய்யுது?"

ஞானாம்பிகை இந்தப் பக்கம் பார்த்தார். அந்தப் பக்கம் பார்த்தார்.

"போயிட்டுது" என்றார்.

"என்ன போயிட்டுது?"

"அதுதான்."

"எப்ப?"

"நடக்க நடக்க முட்டிக்கொண்டு வந்திது. உவர் பொற்காலம் எண்டு கத்தினாரெல்லே, அப்ப விட்டிட்டன். ஒருத்தருக்கும் கேக்கேல்லை." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ரெண்டுதரம்."

மார்க்கண்டு சுவரைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் குந்திவிட்டார். நிவேதனா ஓடி வந்தார். வயிற்றில் குழாயை வைத்துக் கேட்டார். நெடுநேரம் கேட்டார். அவருடைய முகத்தில் சிரிப்பைக் கண்டது உதயகலாவுக்கு அதுதான் முதல் தரம்.

"குடல் கதைக்குது" என்றார். "கசிவு இல்லை எண்டுதான் படுகுது. இனிக் கஞ்சித் தண்ணி குடுக்கலாம்."

அவர் போனபின் ஞானாம்பிகை மார்க்கண்டுவின் கழுத்தைப் பார்த்தார்.

"உதென்ன?"

"பொன்னாடை. சுருட்டை விட்டதுக்குப் போட்டவை."

"கொண்டாங்கோ இஞ்சை."

பக்கத்தில் உதயகலா நின்றாள். அடுத்த கட்டில்காரி நின்றாள். மார்க்கண்டு தயங்கினார்.

"கொண்டாங்கோ எண்டிறன். விட்டது நானெல்லோ."

சத்தமாகவே சொன்னார். மார்க்கண்டு எழும்பி, பொன்னாடையைக் கழற்றி உதறி, ஆஸ்பத்திரிச் சட்டைக்கு மேலால் அவருடைய தோளில் போர்த்தினார். ஞானாம்பிகை அதை இழுத்துச் சரிசெய்துகொண்டு, சேலைன் கம்பியைத் தள்ளியபடி இன்னொருதரம் நடக்கப் போனார்.

உதயகலா மார்க்கண்டுவின் பக்கம் வந்தாள். சுற்றிவரப் பார்த்துவிட்டு மெல்லக் கேட்டாள்.

"மாமா, எங்கடை அம்மாவுக்கும் வாற மாதம் குடலிலைதான் ஒப்பிறேசன். அவவும்... கோழிக்கூட்டுக்குப் பின்னாலை. நாங்கள் ஒருத்தரும் கதைக்கிறேல்லை. என்ன செய்யிறது?"

"உன்ரை அப்பாவைக் கொண்டுவந்து வகுப்பிலை சேர்த்துவிடு பிள்ளை."

"அப்பா ஒருநாளும் பத்தினதில்லையே மாமா."

"நல்லதாப் போச்சு" என்றார் மார்க்கண்டு. "கெதியாப் பாஸ் பண்ணிப்போடுவார்."